தேயும் ரப்பர், தேயாத பிளாஸ்டிக்: டயர் முதல் பிரிண்டர் வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பிராசசர் எது என்று விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒன்றிரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு வரும் தொந்தரவுகள் வேறு மாதிரி இருக்கும். பிரிண்டர் பேப்பரை இழுக்காது. மவுஸ் மேஜை மீது கரகரவென்று நகரும். கீபோர்டில் சில எழுத்துகள் அழிந்து போயிருக்கும். சார்ஜர் முனை ஆடத் தொடங்கும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அது தேய்மானம்.

தேய்மானம் என்று தெரியாமல் பிரிண்டரையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் வீணாகும். கம்ப்யூட்டரில் உள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஏன் தேய்கின்றன, தேயாமல் இருக்க அவற்றில் என்ன கலக்கிறார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதற்கான நல்ல உதாரணங்கள் வண்ணாரப்பேட்டையைச் சுற்றியே இருக்கின்றன. ஒன்று திருவொற்றியூர் டயர். இன்னொன்று காசிமேட்டு ஃபைபர் படகு.

தேய்மானம் எப்படி நடக்கிறது?

இரண்டு பரப்புகள் ஒன்றின் மீது ஒன்று நகரும்போது மூன்று விதமாகத் தேய்மானம் ஏற்படும்.

1. கீறல்: மணல், தூசி போன்ற கடினமான துகள் நடுவில் மாட்டிக் கொண்டு மென்மையான பரப்பைச் சுரண்டுவது.

2. ஒட்டிப் பிய்தல்: இரு பரப்புகளும் மிக நுண்ணிய இடங்களில் ஒட்டிக் கொண்டு, நகரும்போது ஒன்றிலிருந்து சிறு துணுக்கு பிய்ந்து வருவது.

3. களைப்பு: ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி விடுபடுவதால் உள்ளே வெடிப்பு உண்டாகி, மேல்புறம் உதிர்வது.

எவ்வளவு தேயும் என்பதைக் கணிக்க 1953-ல் ஆர்ச்சர்ட் என்பவர் ஒரு எளிய விதியை வெளியிட்டார். அழுத்தம் அதிகமானால் தேய்மானம் கூடும். நகரும் தூரம் அதிகமானாலும் கூடும். பரப்பு கடினமாக இருந்தால் குறையும். ரப்பர் போன்ற பொருள்களில் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனாலும் பொதுவாகப் புரிந்து கொள்ள இந்த விதி போதும். உராய்வு, உயவு, தேய்மானம் ஆகியவற்றை ஆராயும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வெளியான அறிக்கைதான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது.

மூன்று பேர் கூட்டணி

வீடு கட்டும்போது கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. கம்பிகளுக்கு இடையில் உள்ள இடத்தை ஜல்லியும் மணலும் நிரப்புகின்றன. இதில் எந்த ஒன்றும் தனியாக ஒரு மேல்தளத்தைத் தாங்காது.

பிளாஸ்டிக்கிலும் இதே முறைதான். சிமெண்டின் இடத்தில் பாலிமர், அதாவது எபாக்சி, நைலான், ரப்பர் போன்றவை. கம்பியின் இடத்தில் கண்ணாடி நார், கார்பன் நார், நைலான் இழை போன்றவை. மணலின் இடத்தில் ஃபில்லர் என்று அழைக்கப்படும் துகள்கள். இந்தத் துகள்கள் 100 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அவற்றை நானோ ஃபில்லர் என்கிறோம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன் உடையது.

திருவொற்றியூரின் கருப்பு மாவு

நானோ என்ற சொல் ஏதோ ஆய்வுக்கூட விஷயம் என்று நினைக்க வேண்டாம். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்திலும் அது இருக்கிறது.

1946-ல் கே.எம். மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1949-ல் அந்த நிறுவனம் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் திறந்தது. 1952-ல் பழைய டயருக்குப் புதிய மேற்பரப்பு போட உதவும் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியது. 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் டயர் தயாரிப்பு தொடங்கியது. 1973-ல் நைலான் டயர்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். நிறுவனம்.

பலூன் ரப்பரையும் டயர் ரப்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலூன் ரப்பரால் டயர் செய்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட முடியுமா? சில நாளிலேயே கிழிந்துவிடும். டயரைத் தாங்கும் இழைகள் உடற்பகுதியில் இருக்கின்றன. அவை நைலான், பாலியெஸ்டர் அல்லது எஃகு. சாலையில் உராயும் மேற்பரப்பைத் தேயாமல் காப்பது இழை அல்ல. அது கார்பன் பிளாக் எனப்படும் கருப்பு மாவு.

எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்தால் புகைக்கரி படியும் அல்லவா? அதையே கட்டுப்பாடாகத் தொழிற்சாலையில் தயாரித்தால் கார்பன் பிளாக். வடசென்னையைத் தாண்டி கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு தொழிற்சாலை இதைத்தான் தயாரிக்கிறது. டயரின் மேற்பரப்பில் பயன்படும் ரகங்களில் அடிப்படைத் துகள் சுமார் 20 முதல் 30 நானோமீட்டர் இருக்கும். இத்துகள்கள் திராட்சைக் குலை போல ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் ரப்பரில் கலந்திருக்கும். 100 கிலோ ரப்பருக்குச் சுமார் 50 கிலோ வரை கார்பன் பிளாக் சேர்ப்பது வழக்கம்.

ஆரம்பகால டயர்கள் கருப்பாக இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஜிங்க் ஆக்சைடு கலந்த அவை வெளிறிய நிறத்தில் இருந்தன. 1904-ல் லண்டன் துறைமுகப் பகுதியான சில்வர்டவுனில், தந்திக் கேபிள்களும் ரப்பர் பொருள்களும் செய்த ஒரு தொழிற்சாலையில் எஸ்.சி. மோட் என்பவர், கார்பன் பிளாக் ரப்பரை வலுவாக்குகிறது என்று கண்டார். அதன் பிறகு டயர்களின் ஆயுள் பல மடங்கு கூடியது. நானோ என்ற பெயர் பிரபலமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நானோ ஃபில்லர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

ஒரு சர்க்கரைக் கட்டியில் ஒரு கிரவுண்டு

துகள் சிறிதாக இருந்தால் என்ன லாபம்? ஒரு சிறிய கணக்குப் போடுவோம்.

ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். 30 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 200 சதுர மீட்டர். அதாவது சுமார் 2150 சதுர அடி. ஒரு கிரவுண்டு மனைக்குச் சற்றுத்தான் குறைவு. பொருளின் அளவு மாறவில்லை. பரப்பு மட்டும் இவ்வளவு பெருகிவிட்டது.

இந்தப் பரப்பு முழுவதும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பற்றிக் கொள்ளும். சாலை இழுக்கும்போது ஒரு சங்கிலி மட்டும் பாரத்தைத் தாங்காமல் பல சங்கிலிகள் பகிர்ந்து கொள்கின்றன. வெடிப்பு தோன்றினாலும் அது நேராகப் பரவ முடியாமல் துகள்களைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருக்கும். அதற்கு அதிக ஆற்றல் தேவை. அதனால் துணுக்கு உதிர்வது குறைகிறது.

1990-களில் மிஷலின் நிறுவனம் கார்பன் பிளாக்கின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிகா சேர்த்த டயர்களைக் கொண்டு வந்தது. எரிபொருள் செலவு குறைவதும் ஈரச் சாலையில் பிடிப்பு கிடைப்பதும் இதன் லாபம். ஆனால் சிலிகா ரப்பரோடு எளிதில் ஒட்டாது. இரண்டையும் இணைக்கச் சிலேன் என்ற ரசாயனத்தையும் சேர்க்க வேண்டும். துகள் சிறிதாக இருந்தால் மட்டும் போதாது, பாலிமரோடு நன்றாக ஒட்ட வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

காசிமேட்டுப் படகு சொல்லும் பாடம்

அடுத்து ஃபைபர் படகுக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் வெகுவாகக் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடி நார் விரிப்பை அச்சில் பரப்பி, அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி இறுக வைத்துச் செய்வதுதான் இந்தப் படகு.

படகின் வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும். அது ஜெல்கோட் எனப்படும் மேல்பூச்சு. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் நார் கிடையாது. இந்தப் பூச்சு செங்குத்தான பரப்பிலிருந்து வழியாமல் இருக்க ஃப்யூம்ட் சிலிகா என்ற மிக இலேசான வெள்ளை மாவைக் கலக்கிறார்கள். இதுவும் நானோ துகள்தான். இந்த மாவைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று சேலம் மாவட்டம் மேட்டூரில் இருக்கிறது. சன்மார் குழுமமும் அமெரிக்காவின் கேபட் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது.

துறைமுகத்தில் கட்டப்படும் படகுக்கு அடிப்பாகத் தேய்மானம் குறைவு. குப்பங்களில் தினமும் மணலில் இழுத்து ஏற்றப்படும் படகுக்கு அதிகம். முதலில் ஜெல்கோட் தேயும். பிறகு உள்ளே இருக்கும் ரெசின் தேயும். அதன் பிறகு கண்ணாடி நார் வெளியே தெரியத் தொடங்கும். நார் கடினமானது என்பதால் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் ரெசினின் பிடி விட்டதும் நார் ஒடிந்து வெளியே வரும். ஒடிந்த கண்ணாடித் துணுக்குகளே மணல் போல் மாறி மேலும் சுரண்டும். நாரையொட்டிக் கடல்நீர் உள்ளே ஊறும். அதனால்தான் நார் தெரிந்தவுடனே அந்த இடத்தைச் சுரண்டி, காய வைத்து, புதிய நார் விரிப்பும் ரெசினும் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். தள்ளிப் போட்டால் செலவு அதிகமாகும், நடுக்கடலில் ஆபத்தும் உண்டு.

நார் மட்டும் போதாதா?

நாரின் பலம் பாரத்தைத் தாங்குவது. அதன் குறை, முனை வெளியே வந்தால் எதிரே உள்ள பொருளைக் கீறுவது. கண்ணாடி நார் கலந்த பல்சக்கரம் தான் தேயாமல் இருந்து, அதோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தைத் தேய்த்துவிடலாம்.

நானோ ஃபில்லர் உதவுவது இந்த இடத்தில்தான். நார்களுக்கு இடையில் உள்ள பாலிமரை அது கடினமாக்குகிறது. அதனால் பாலிமர் சீக்கிரம் தேய்ந்து நாரைக் கைவிடுவதில்லை. இன்னொரு வேலையும் நடக்கிறது. தேய்ந்து வரும் மிக நுண்ணிய பொடி எதிர்ப் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக் கொள்கிறது. அதன் பிறகு அந்தப் படலத்தின் மீதுதான் உராய்வு நடக்கும்.

இதற்கு ஒரு வியப்பான சோதனை உண்டு. நான்ஸ்டிக் தவாவில் உள்ள பி.டி.எஃப்.இ. மிக வழுக்கலானது, ஆனால் விரைவில் தேயக் கூடியது. 2003-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாயர் முதலானோர், அதில் 38 நானோமீட்டர் அலுமினாத் துகளை எடையில் 20 சதவீதம் கலந்தபோது தேய்மானத் தடை 600 மடங்கு வரை உயர்ந்தது. அலுமினா என்பது உப்புத்தாளிலும் பயன்படும் கடினப் பொருள். பெரிய துகளாக இருந்தால் எதிர்ப் பரப்பைச் சுரண்டும். நானோ அளவில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

அப்படியானால் நிறையக் கலந்து விடலாமா? கூடாது. நானோ துகள்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும் குணம் உண்டு. மாவில் கட்டி விழுந்தால் எப்படியோ அப்படி. அந்தக் கட்டிதான் பிறகு வெடிப்பு தொடங்கும் இடமாகிறது. எபாக்சி போன்ற ரெசின்களில் சில சதவீதம் மட்டுமே கலப்பது இதனால்தான். எவ்வளவு கலந்தோம் என்பதை விட எவ்வளவு சீராகக் கலந்தோம் என்பதே முக்கியம்.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்

இப்போது கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்போம். மேலே சொன்ன எல்லாப் பொருள்களும் உள்ளே இருக்கின்றன.

மதர்போர்டு: பச்சையாகவோ கருப்பாகவோ தெரியும் பலகை, கண்ணாடி நார்த் துணியும் எபாக்சி ரெசினும் சேர்ந்தது. இதை எஃப்.ஆர்.4 என்பார்கள். காசிமேட்டுப் படகுக்கு உறவுக்காரப் பொருள். எபாக்சி செய்யத் தேவையான எபிகுளோரோஹைட்ரினை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் பல ஆண்டுகள் தயாரித்து வந்தது. படகில் நாரையொட்டி நீர் ஊறுவது போல, மிக ஈரமான சூழலில் போர்டிலும் நாரையொட்டி ஈரம் புகுந்து, நாளடைவில் இரு செம்புப் பாதைகளுக்கு இடையே மின்கசிவு ஏற்படலாம்.

சிப்: சிப்பின் மேல் தெரியும் கருப்பு உறை, எபாக்சியும் சிலிகாத் துகளும் கலந்தது. கருப்பு நிறம் கார்பன் பிளாக்கால் வந்தது. இங்கே சிலிகாவின் முக்கிய வேலை, சூட்டில் உறை அதிகம் விரியாமல் பார்த்துக் கொள்வது.

கனெக்டர்கள்: யு.எஸ்.பி. போன்றவற்றின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்தது. பழைய செவ்வக வடிவ யு.எஸ்.பி.-க்குத் தர விதிப்படி குறைந்தபட்சம் 1,500 முறை, டைப்-சி-க்கு 10,000 முறை செருகி எடுக்கும் ஆயுள் வேண்டும்.

மவுஸ்: அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகள் நல்ல மவுஸ்களில் பி.டி.எஃப்.இ. ஆக இருக்கும்.

கீபோர்டு: ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பட்டன்கள் விரல் பட்டுச் சீக்கிரம் பளபளப்பாகிவிடும். பி.பி.டி. பட்டன்கள் அதிக நாள் தாங்கும்.

லேசர் டோனர்: இது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். கருப்பு நிறத்துக்குப் பலவற்றில் கார்பன் பிளாக் சேர்க்கிறார்கள். கட்டி தட்டாமல் ஓடுவதற்காகத் தூளின் மேல் நானோ சிலிகா தூவப்பட்டிருக்கும்.

பிரிண்டர் உருளை: பேப்பரை இழுக்கும் ரப்பர் உருளைதான் டயருக்கு மிக நெருக்கம். டயருக்குச் சாலை எப்படியோ, இதற்குப் பேப்பர் அப்படி. பேப்பரில் சுண்ணாம்புப் பொடி, களிமண் போன்ற நிரப்பிகள் உண்டு. அவை உதிர்ந்து ரப்பர் மீது படிந்தால் பிடிப்பு போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிரிண்டர் பேப்பரை இழுக்காவிட்டால் முதலில் உருளையைப் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உருளையைச் சுற்றித் துடைத்துக் காய விடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். அவை ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். துடைத்தும் பயனில்லை, உருளை மொழுமொழுவென்று இருக்கிறது என்றால் தேய்ந்துவிட்டது. பல மாடல்களுக்கு உருளை மட்டும் தனியாகக் கிடைக்கும். புதிய பிரிண்டர் வாங்கும் முன் கடையில் இதைக் கேளுங்கள்.

2. பிரிண்டரின் பல்சக்கரங்களில் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தூசி ஒட்டிக் கொண்டு அரைக்கும் பசையாக மாறும்.

3. சிக்கிய பேப்பரை எதிர்த்திசையில் வேகமாக இழுக்காதீர்கள். பல்லும் உருளையும் பாதிக்கப்படும். மூடியைத் திறந்து, பேப்பர் நகரும் திசையிலேயே மெதுவாக எடுங்கள்.

4. பேப்பர் கட்டைப் பிரித்த பின் மீதியைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். கடற்கரைப் பகுதியில் ஈரம் அதிகம். ஈரமான பேப்பர் ஒட்டிக் கொண்டு இரண்டு மூன்றாக வரும்.

5. மவுஸ் பட்டையையும் மேஜையையும் வாரம் ஒருமுறை துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், பட்டை முழுவதையும் கீறிவிடும்.

6. கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் ராமைக் கழற்றி அதன் தங்கப் பட்டையை அழிரப்பரால் தேய்ப்பது பலரின் வழக்கம். அந்தத் தங்கப்பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அழிரப்பரில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும். அடிக்கடி செய்தால் பூச்சு போய், அடியில் உள்ள உலோகம் அரிக்கத் தொடங்கும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள்.

7. பழைய போர்டை ரம்பத்தால் அறுக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ குழந்தைகளை விடாதீர்கள். கண்ணாடி நார்த் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது.

8. டோனர் கொட்டிவிட்டால் ஊதாதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். உலர்ந்த துணியால் மெதுவாக எடுத்து, கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் தூள் இளகி ஒட்டிக் கொள்ளும்.

9. கடற்காற்று நேராக வீசும் ஜன்னலோரத்தில் கம்ப்யூட்டரை வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் மூடி வைப்பதை விட, வாரத்தில் சில மணி நேரமாவது ஓட விடுவது நல்லது. உள்ளே உண்டாகும் சூடு ஈரத்தைக் குறைக்கும்.

'நானோ' என்று எழுதியிருந்தால்

நானோ கோட்டிங், நானோ ஸ்பிரே என்று எழுதிய பொருள்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அந்தச் சொல்லை மட்டும் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். என்ன துகள், எதனோடு கலந்திருக்கிறது, எந்தச் சோதனையில் எவ்வளவு தேய்மானம் என்று உறையில் இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அது விளம்பரச் சொல்தான். உப்பு மாதிரி மூலையில் கொட்டி வைத்தால் நானோ துகள் வேலை செய்யாது. பாலிமரோடு சீராகக் கலந்து ஒட்டியிருந்தால்தான் பலன்.

எவ்வளவு நல்ல கலவையானாலும் தேய்மானம் முழுவதும் நிற்காது. தேயும் வேகம்தான் குறையும். தேய்ந்த தூளும் எங்கோ போய்ச் சேர்கிறது. டயர் தூள் சாலையிலிருந்து மழைநீரோடு கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. ஒரு உருளையைத் துடைத்து இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டினால் பணம் மிச்சம். குப்பைக்குப் போகும் ஒரு பிரிண்டரும் குறையும். உங்கள் பிரிண்டரின் பின் மூடியை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.